பத்து நிமிடத்துக்கு மேல்

மிதுஷா அதை ஐந்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பத்தரை போல சுடுதண்ணிப் பூலுக்குப் போனம் அன்ரி. அப்பா நல்லாத்தான் இருந்தவர். எனக்கு வேலையில இருந்து கோல் வந்தது. வெளியில போய்க் கதைச்சிட்டு வாறதுக்குள்ள..."

அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். கேட்டவர்கள் அவளுடைய தோளைத் தொட்டுவிட்டு, பெட்டியில் கிடந்த அவளுடைய அப்பா குஞ்சித்தம்பியைப் பார்க்கப் போவார்கள். பியூனரல் ஹோமின் முன்வரிசைக் கதிரையில் இருந்த பரிமளம், மகளின் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கணவன் இறந்து எட்டு நாளாகிவிட்டது. அவர் இறந்த மலை ஊரிலிருந்து உடலை ரொறொன்ரோவுக்குக் கொண்டுவரும் கடுதாசி வேலைகளுக்கே ஆறு நாள் போயிற்று. மூவரும் ஒரே விமானத்தில்தான் வந்தார்கள். தாயும் மகளும் மேலே, அவர் கீழே எங்கேயோ. நாலு மணித்தியாலமும் பரிமளத்துக்குக் கால்களைத் தரையில் ஊன்றி வைக்க மனம் வரவில்லை.

குஞ்சித்தம்பி இருபத்தாறு வருடம் மெத்தை செய்கிற பக்டரியில் தூக்கி இறக்கியவர். ஓய்வுபெற்றபோது முழங்காலும் இடுப்பு நாரியும் ஓய்ந்திருந்தன. இந்தப் பயணம் மிதுஷாவின் யோசனை. கல்கரி வரை பறந்து, அங்கிருந்து நாலு மணித்தியாலம் காரில் போனால் மலைகளுக்கு நடுவில் வெந்நீர் ஊற்று ஊர் ஒன்று. "என்னத்துக்குப் பிள்ளை" என்று அவர் மூன்று மாதம் தட்டிக்கழித்தார். நாலாவது மாதம் மகள் லீவு போட்டுவிட்டு வந்து, போவம் என்றாள்.

சின்ன ஊர். ஒரே ஒரு தெரு. சனம் குளியல் அங்கியோடும் செருப்போடும் பனிக்குள் நடந்து திரிந்தது. தண்ணீர் கழுத்து வரைக்கும் சுட, தலையில் பனி விழுந்தது. முதல் நாள் குஞ்சித்தம்பி இறங்கி நின்று சுற்றிவரப் பார்த்தார்.

"கன்னியாவில வாளியால அள்ளி ஊத்தினது. இஞ்ச ஆளே உள்ளுக்க இறங்கலாம்" என்றார். அவர் பிறந்தது கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற திருகோணமலை.

அங்கே ஜூலியஸ் என்றொரு கிழவர் இருந்தார். அந்த ஊர்க்காரர், தினமும் வருபவர். அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். குஞ்சித்தம்பி தன்னுடையதைக் காட்டினார். பிறகு இருவரும் நாரியைக் காட்டிச் சிரித்தார்கள். அதற்கு மேல் பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் காலை, மிதுஷா தன் அறையில் உடுத்திக்கொண்டிருந்தபோது, குஞ்சித்தம்பி கட்டில் விளிம்பில் குந்தியிருந்து நெஞ்சைத் தடவினார். நெஞ்சு வருத்தத்துக்கு நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரேயைப் பரிமளம் எடுத்துக் கொடுத்தாள்.

"மிதுவுக்குச் சொல்லாத. பாவம், ஆசையாக் கூட்டிக்கொண்டு வந்தவள்."

"இண்டைக்குப் போகாம விடுவம்."

"இப்ப சுகம். வா."

பியூனரல் ஹோமின் கதவு திறந்தது. குஞ்சித்தம்பியின் அக்கா இராஜேஸ்வரி யூனியன்வில்லில் இருந்து வந்திருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்து அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மிதுஷாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"ஹார்ட் வருத்தக்காரனைச் சுடுதண்ணிக்குள்ள இறக்கிவிட்டிட்டு நீ போனில நிண்டனியே பிள்ளை?"

மிதுஷா கையில் இருந்த ரிஷ்யூத் தாளை நாலாக மடித்தாள்.

பரிமளம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"மச்சாள், அவளைக் கேக்காதேங்கோ. பக்கத்தில இருந்தது நான்."

"நீ இரு பரிமளம்."

"காலமை அவருக்கு நெஞ்சு இறுக்கினது. ஸ்பிரே அடிச்சவர். பிள்ளைக்குச் சொல்லாத எண்டார், நான் சொல்லேல்ல. பத்து நிமிசத்துக்கு மேல இருக்கக் கூடாதெண்டு பூலடி போர்ட்டில எழுதியிருந்ததைப் பாத்து, பத்து நிமிசம்தான் அப்பா எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவள் போனவள். மணிக்கூடு எனக்கு நேர முன்னால இருந்தது."

மிதுஷா தாயைப் பார்த்தாள். அன்று காலை ஸ்பிரே அடித்ததைப் பற்றி இந்த எட்டு நாளில் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்ப ஏன் நீ கூப்பிடேல்ல?" என்றாள் இராஜேஸ்வரி.

அன்றைக்குப் பரிமளம் பூலின் விளிம்பில் இருந்த வாங்குப் பலகையில் குந்தி, கால்களை மட்டும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். பத்து நிமிடமானதும் கையைத் தட்டினாள். அவர் கண்ணைத் திறந்து, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். பதினைந்து ஆயிற்று. அவர் சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்தில் நித்திரையில்கூட அப்படி ஒரு முகத்தை அவள் கண்டதில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இருக்கட்டும் என்று நினைத்தாள். அதைத்தான் நினைத்தாள். இருபதாவது நிமிடத்தில் அவர் சரிந்ததை ஜூலியஸ்தான் முதலில் கண்டு, அவருடைய தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

இதை இந்த மண்டபத்தில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐயர் வாய்க்கரிசிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். இராஜேஸ்வரி முன்னால் போனாள்.

எல்லாம் முடிந்து ஸ்ரௌவ்வில்லில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது மிதுஷாதான் கார் ஓட்டினாள். வீட்டில் பரிமளம் முதலில் தலை முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வந்தாள். மகள் போட்ட கோட்டைக் கழற்றாமல் மாடிப்படியில் இருந்தாள்.

"போய் முழுகு பிள்ளை."

மிதுஷா எழும்பவில்லை. பரிமளம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம் அம்மா."

"ஓம்."

"அத்தை கேட்டாவே, ஏன் கூப்பிடேல்ல எண்டு."

பரிமளம் சொன்னாள். கையைக் காட்டியதை, மலையைப் பார்த்ததை, நெற்றியை. சொல்லி முடிக்க நெடுநேரம் எடுக்கவில்லை.

மிதுஷா தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது.

"அவருக்குப் பிடிச்சிருந்ததோ, அந்த இடம்?"

"பிடிச்சிருந்தது."

அவள் கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டுவிட்டு மேலே போனாள். குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் விழத் தொடங்கியது. அடுப்படியில் யாரோ கொண்டுவந்த சோறு, அலுமினியத் தட்டில் மூடியபடி ஆறிக்கொண்டிருந்தது. பரிமளம் அதை எடுக்கப் போகவில்லை. தண்ணீர்ச் சத்தம் நிற்கட்டும் என்று படியிலேயே இருந்தாள்.