மூன்றாம் அட்டவணை

ஆய்விதழின் விதிமுறைகள் பதினொரு பக்கம் இருந்தன. விஜ்தான் அவற்றைக் கணினித் திரையின் ஓரத்தில் செலோடேப்பால் ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு வந்தாள். எழுத்தின் அளவு பத்து. தலைப்புக்குப் பதினான்கு. சுருக்கம் இருநூறு சொற்களைத் தாண்டக் கூடாது. ஆசிரியர்களின் பெயர் தனிக் கோப்பில் வர வேண்டும். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. பதினைந்து டிக்குகள் விழுந்திருந்தன, இன்னும் இருபத்தாறு பாக்கி.

மோசுலில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே வரிசையாக இருக்கும் டைப்பிங் கடைகளில் ஹாஜி தன்னூனின் கடை நான்காவது. விஜ்தான் அங்கே ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். மண்ணியல் முதல் மார்க்கச் சட்டம் வரை அவள் விரல் படாத துறை கிடையாது. எதுவும் அவளுக்குப் புரிய வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. ஓரங்கள் நேராக இருந்தால் போதும்.

பக்கத்து ஸ்டூலில் இத்ரீஸ் உட்கார்ந்திருந்தான். நாற்பதை நெருங்கும் முதுகலை மாணவன். நாலு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளமே இல்லாமல் வேதியியல் நடத்துகிறான். பட்டம் கையில் வந்தால் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வேட்டை அரபியில் எழுதி முடித்துவிட்டான். ஆனால் அதிலிருந்து ஒரு கட்டுரையாவது ஆங்கில ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தேர்வுக்கு உட்கார விடுவார்கள். அவனுடைய படிப்புக் காலம் இன்று, வியாழக்கிழமை, இரண்டு மணிக்கு முடிகிறது.

"தங்கச்சி, ரெண்டு மணிக்குள்ள கட்டுரை அனுப்பின ரசீத ஆபீஸ்ல நீட்டலேன்னா என் பேர அடிச்சிடுவாங்க."

"இத நாலாவது தடவ சொல்றீங்க உஸ்தாத். நீங்க சொல்லச் சொல்ல என் விரல் நடுங்குது. டீயக் குடிங்க."

அவன் சின்னக் கண்ணாடி டம்ளரை எடுத்தான். குடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தான். கீழே வைத்துவிட்டான்.

பின்னால் ஹாஜி ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு மை ஊற்றிக்கொண்டே குரல் கொடுத்தார். "விஜ்தான், பேரு ஊரு எல்லாம் சரியாப் போடு. ரஃபல் போட்ட மாதிரி போட்டுடாத."

ரஃபல் போன வருடம் வரை அடுத்த நாற்காலியில் இருந்தவள். ஒரு பேராசிரியரின் பெயரை ஆசிரியர் பட்டியலில் விட்டுவிட்டாள். அவர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். அன்று மதியமே ரஃபல் பையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நாற்காலியில் இப்போது காகிதக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. விஜ்தான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்ப்பாள். அவளும் அவள் உம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் இந்த ஒரு நாற்காலிதான் வருமானம்.

மூன்றாம் அட்டவணைக்கு வந்தாள். ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய அட்டவணை. வலமிருந்து இடமாக மூன்று செங்குத்து வரிசை: மாதம், சூளைப் பக்கம், மேட்டுப் பக்கம்.

"இது என்ன உஸ்தாத், சூளைப் பக்கம்னா எங்க சூளையா?"

"செங்கச் சூளைக்குப் பின்னாடி இருக்கிற கிணறுங்க. பன்னண்டு மாசம் பாட்டில் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். இந்த நம்பர் எல்லாம் தண்ணில இருக்கிற ஈயம்."

"எங்க வீடே அங்கதான!"

இத்ரீஸ் அவளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அப்படியா? கேட்டுக்க. மேட்டுப் பக்கத்துல ஒண்ணும் இல்ல, சுத்தம். உங்க பக்கம் அளவுக்கு மேல நாலு மடங்கு. காய்ச்சினாலும் போகாது. மாநகராட்சி இந்த ஆய்வுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. எங்க மோசமோ அங்க சுத்திகரிப்பு நிலையம் போடணும்னு முடிவாயிடுச்சு."

"மேட்டுப் பக்கத்துக்காரங்களுக்குக் குழாயில தண்ணி வருது. அவங்க கிணறு ரோஜாச் செடிக்குத்தான். நாங்க அத்தனையும் அதுலதான் குடிக்கிறோம்." அவளுக்குச் சந்தோஷமும் திகிலும் ஒன்றாக வந்தன.

ஆங்கிலம் இடமிருந்து வலம் போகும் மொழி. அட்டவணையையும் திருப்ப வேண்டும். ஒரே பொத்தானில் திருப்பினால் இதழின் மாதிரிப் படிவம் சிதறிப்போகிறது. அதனால் விஜ்தான் எப்போதும் கையாலேயே திருப்புவாள். மாத வரிசையை வெட்டி இடது கோடியில் ஒட்டினாள். மேலே தலைப்புகளை ஆங்கிலத்தில் அடித்தாள்: மாதம், சூளை, மேடு. சேமித்தாள். அடுத்து எண் வரிசைகள் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

"யா அல்லாஹ்!" இத்ரீஸ் எழுந்தே விட்டான்.

"உக்காருங்க உஸ்தாத். பன்னண்டு மணிக்கு கவர்ன்மென்ட் கரண்ட் போகும், ஜெனரேட்டர் வரும். தினமும் நடக்கிறதுதான். பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிடத்தில் அவள் கைப்பேசியை எடுத்து உம்மாவைக் கூப்பிட்டாள். "உம்மா, நம்ம பக்கம் தண்ணி சுத்தம் பண்ற நிலையம் வரப்போகுது. ஆமா, நிஜமாத்தான். என் கையாலதான் அடிச்சிக்கிட்டிருக்கேன்." மறுமுனையில் உம்மா சுவருக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டுக்காரியை உரக்கக் கூப்பிடுவது கேட்டது. விஜ்தான் சிரித்தாள். அவள் இந்தக் கடையில் அடித்த எதுவும் இதுவரை அவள் தெருவுக்கு வந்ததில்லை.

கரண்ட் வந்தபோது கோப்பு பத்திரமாக இருந்தது. மாதம் இடது பக்கம் இருந்தது. தலைப்புகள் சரியாக இருந்தன. திருப்பியாகிவிட்டது என்று அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். மேற்கோள் பட்டியல் அறுபத்து மூன்று. படங்கள் தனித்தனிக் கோப்பு. உறுதிமொழிப் படிவம். இணையம் இரண்டு தடவை அறுந்தது. ஒன்று முப்பத்தெட்டுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஒன்று நாற்பத்தொன்றுக்கு ரசீது எண் வந்தது. இத்ரீஸ் அச்சில் வந்த தாளைச் சூடு ஆறுவதற்குள் உருவிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினான். ஒரு டாக்ஸிக்காரன் அவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினான்.

விஜ்தான் சமூன் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். தன் தெருவைப் பற்றிய எண்களை நிதானமாகப் பார்க்க ஆசை வந்தது. ஆய்வேட்டை ஒரு பக்கமும் அனுப்பிய கட்டுரையை ஒரு பக்கமும் திறந்து வைத்தாள்.

ஆய்வேட்டில் சூளைக்கு நேரே நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்து நான்கு. கட்டுரையில் சூளைக்கு நேரே இரண்டு, மூன்று, இரண்டு.

ரொட்டியைக் கீழே வைத்தாள். மறுபடி பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு மாதமும் அப்படித்தான்; கரண்ட் போனதில் எண் வரிசைகளை இடம் மாற்றவே மறந்திருந்தாள். கட்டுரையின் மற்ற பக்கங்களில் பகுதியின் பெயரே இல்லை, 'மோசமான பகுதிக்கு மூன்றாம் அட்டவணை காண்க' என்று மட்டும்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஹாஜி கல்லாவுக்குப் பின்னால் கண்ணயர்ந்திருந்தார். அவருக்கு மேலே சுவரில் அவரே எழுதி மாட்டிய பலகை: 'ஒப்படைத்தபின் வரும் பிழைக்குக் கடை பொறுப்பல்ல.' கடை பொறுப்பில்லை என்றால் வேறு யார் என்று ரஃபலுக்குத் தெரியும்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? கோப்பை மூடினாள். பிறகு உம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்ட குரல் நினைவுக்கு வந்தது. மறுபடி திறந்தாள். இப்படி மூன்று தடவை மூடித் திறந்தாள்.

மூன்று மணிக்கு இத்ரீஸ் இனிப்புப் பெட்டியோடு வந்தான். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "வாங்கிட்டாங்க தங்கச்சி! முத்திரை குத்திட்டாங்க! ஒண்ணு எடு, ரெண்டா எடு."

"உஸ்தாத்," என்றாள். "கொஞ்சம் உக்காருங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அவள் திரையைக் காட்டினாள். அவன் பார்த்தான். இனிப்புப் பெட்டியை மெல்ல ஸ்டூலில் வைத்தான். திட்டுவான் என்று அவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். அவன் திட்டவில்லை. அவளைவிட அவன் அதிகமாகப் பயந்துபோயிருந்தான்.

"திருத்தி மறுபடி அனுப்ப முடியாதா?"

"முடியும். ஆனா மொத அனுப்பினத வாபஸ் வாங்கணும். அந்த ரசீது செல்லாது. புது ரசீதுல இன்னிக்கு மூணு மணிக்கு மேலன்னு விழும்."

இத்ரீஸ் கடை வாசலுக்குப் போய் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டான். அவர் பெயரும் கட்டுரையில் இருந்தது, முதல் பெயராக. இத்ரீஸ் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது. அது விஜ்தானின் நாற்காலி வரை கேட்டது.

"வாபஸ் வாங்கப் போறியா? என் பேரு அதுல இருக்கு, தெரியுமில்ல? நம்பர மாத்தினான்னு நாளைக்கு எவனாவது சொன்னா யாரு பதில் சொல்றது?"

"டாக்டர், ஆனா மாநகராட்சி..."

"மாநகராட்சி! நீ மாணவனா இருக்கணுமா வேணாமா? கட்டுரையத் தொடாத. ஆய்வேடு இன்னும் உன் கையிலதான இருக்கு? அத மாத்து. ரெண்டும் ஒண்ணா இருந்தாப் போதும், எவனும் கேக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை காலைல என் மேஜைல இருக்கணும்."

இத்ரீஸ் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எங்க வீட்டுல நாலு வருஷமா என் மனைவிதான் தைச்சு எங்களுக்குச் சோறு போடறா," என்றான் தரையைப் பார்த்தபடி. "இந்த வருஷத்தோட முடிஞ்சிடும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"பாட்டில் தூக்கி அலைஞ்சது நீங்கதான உஸ்தாத்?"

"நான்தான்." அவன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். அதை நீட்டவும் இல்லை, திரும்பப் பைக்குள் போடவும் இல்லை.

பேச்சுச் சத்தத்தில் ஹாஜி விழித்துக்கொண்டார். "என்ன அங்க? என்ன தப்பு?"

இத்ரீஸ் சட்டென்று எழுந்தான். "தப்பு ஒண்ணும் இல்ல ஹாஜி. ஆய்வேட்டுல ஒரு சின்னத் திருத்தம். தங்கச்சி நல்லா வேல செஞ்சிருக்கா. இனிப்பு எடுத்துக்கங்க."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாவுக்காகவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாகவும் இருந்தது. பென்டிரைவை அவன் கையிலிருந்து வாங்கிச் செருகினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சூளையின் எண்களை வெட்டினாள். மேட்டின் இடத்தில் ஒட்டினாள். மேட்டின் எண்களைச் சூளைக்குக் கொண்டுவந்தாள். பிறகு முடிவுரையில் 'சூளை' என்று வந்த இடமெல்லாம் 'மேடு' என்றும், 'மேடு' என்று வந்த இடமெல்லாம் 'சூளை' என்றும் மாற்றினாள். பதினேழு இடம். ஓரங்கள் நேராக இருந்தன. அச்சுப் போட்டபோது இத்ரீஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தாள்களை வாங்கிக்கொண்டு சலாம் சொல்லாமலே போனான்.

ஐந்தரைக்கு அவள் மினிபஸ்ஸில் ஏறினாள். சூளை நிறுத்தத்தில் இறங்கியபோது புகை வழக்கம்போலத் தெருவின் மேல் தாழ்ந்து கிடந்தது. வீட்டு முற்றத்தில் உம்மாவோடு பக்கத்து வீட்டு உம்மு ஹாரிஸும் அவள் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்தே காத்திருக்கிறார்கள் என்பது காலித் தேநீர் டம்ளர்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"வந்துட்டா பாரு கவர்னர் அம்மா!" என்றாள் உம்மு ஹாரிஸ். "எப்பம்மா நிலையம் வருது? எங்க வீட்டு வாசலுக்கு முன்னாடி போடச் சொல்லு, நான் சாவியை வச்சிக்கிறேன்."

விஜ்தான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உண்மையைச் சொன்னால் நாளை தெரு முழுக்கத் தெரியும். சனிக்கிழமை கடைக்குத் தெரியும்.

"வராது உம்மா."

"ஏன்டி? மத்தியானம்தான சொன்ன?"

"நான் தப்பாப் பாத்துட்டேன். நம்ம தண்ணி நல்லாத்தான் இருக்காம். மேட்டுப் பக்கம்தான் மோசமாம். அங்கதான் போடறாங்க."

உம்மாவின் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! இதவிட வேற என்ன வேணும்? நிலையம் கெடக்குது, தண்ணி சுத்தம்னு படிச்சவங்க எழுதியிருக்காங்களே. இந்தக் கிணத்தப் போயி இத்தன நாளாச் சந்தேகப்பட்டோம்." ஜாடியிலிருந்து டம்ளர் நிறைய ஊற்றி மகளிடம் நீட்டினாள். "வெயில்ல வந்திருக்க. குடி."

மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜ்தான் குடித்தாள்.

உம்மா டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பி உம்மு ஹாரிஸின் மருமகளிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். இத்தனை நாளும் கடைத் தண்ணீர்தான் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றின் மேல் டம்ளரை வைத்துக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாள்.