கம்பம் இல்லாத வளைவு

பால்கன் மலைமுகட்டில் ஒரு கரடியைக் கட்டிப்பிடித்து, அதன் மார்பில் கன்னத்தை வைத்து, "அப்பாடா" என்று சொன்னவன் இந்தப் பல்கேரியாவிலேயே நான் ஒருவன்தான். கரடி ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

சோஃபியாவில் ஆயுள் முழுக்க டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளம் இல்லாத இடத்தில் நடந்து பார்க்கும் ஆசையில், கோம் சிகரத்திலிருந்து கருங்கடல் வரை தனியாகக் கிளம்பினேன். முகடு நெடுக இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கும். பனிமூட்டம் சூழ்ந்தால் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு நடக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

அன்று அடித்த காற்று என் தொப்பியை ருமேனியாவுக்கே கொண்டுபோய்விட்டது. ஆலங்கட்டி ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு; சரி, புறாமுட்டை. ஒரு வளைவில் கறுப்பாக நெட்டுக்குத்தாக ஒன்று தெரிந்தது. கம்பம் என்று பாய்ந்து அணைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு அது மூச்சு விட்டது.

மெல்லக் கைகளை எடுத்தேன். கரடி என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, நான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதைப் போல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று மூட்டத்தைக் கிழித்த ஒரு கணத்தில் கரடிக்குப் பின்னால் தரையே இல்லாதது தெரிந்தது. இடப்பக்கம், கீழே, மலைவிடுதியின் விளக்கு. ஓடினேன்.

விடுதிக்காரன் ராட்கோ பீன்ஸ் சூப்பை என் முன்னால் வைத்துவிட்டுக் கதை கேட்டான்.

"அது உங்களைத் திருப்பிக் கட்டிக்கிச்சா மெத்தோதி அண்ணே, இல்ல ஒருதலைக் காதலா?"

"சிரிடா, நல்லா சிரி. அந்த வளைவுல கம்பமே இல்ல. அங்க அதுதான் நின்னுது."

அவன் சிரிப்பு நின்றது. "கரடின்னு சொல்லுங்க, இன்னொரு கிளாஸ் ரக்கியா சாராயம் ஊத்தறேன். கம்பம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. நானே நட்டு, நானே சிவப்பு அடிச்சது. அதை நம்பித்தான் ஆளுங்க உசுரோட இறங்கறாங்க."

"காலைல வந்து பாரு."

காலையில் போனோம். பனிக்காலம் கம்பத்தை அடியோடு ஒடித்துப் பள்ளத்தில் தள்ளியிருந்தது. சேற்றில் என் பூட்ஸ் தடங்கள் வந்து, நின்று, இடப்பக்கம் விலகி ஓடியிருந்தன. அவற்றுக்கு நேர் எதிரே அகலமான இரண்டு பாதத் தடங்கள், விரலோடு விரல் முட்ட. சுற்றிலும் சேறு வழவழவென்று கிடந்தது. அது வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

கதைக்கு உப்புக் கூட்டிப் போடுகிறவன்தான் நான். இந்த உப்பு நான் போட்டதல்ல.

ராட்கோ பள்ளத்தை எட்டிப் பார்த்தான். அந்த இடத்திலிருந்து இரண்டே எட்டு. கீழிருந்து மூட்டம் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நம்ம கொட்டகைல ஒரு கம்பம் கிடக்கு, எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு மேற்கேர்ந்து ஒரு பொண்ணு தனியா வருது, போன் பண்ணியிருந்துச்சு. நீங்க வர்ற வரைக்கும் கம்பத்துக்குப் பதிலா நான் நிக்கறேன்."

தடங்களை மிதிக்காமல் பக்கத்தில் போய், நான் வந்த வழியைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். மூட்டம் அவன் இடுப்பை மூடியது.

"என்னடா, இப்பவாவது நம்பறியா?"

"நடந்ததுதான்ணே," என்றான், தலையைத் திருப்பாமல். "சீக்கிரம் வாங்க. பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்க."