வாசமில்லாத கொடி

காட்டுக் கொடியில் பூத்திருந்த சிவப்புப் பூவை மூக்கோடு ஒட்டி வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள் அக்கா. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி, ஒண்ணுமே தெரியல. உன்னோடது எனக்கும் தொத்திக்கிச்சா?"

கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டேன். நேற்று வந்து இறங்கியதிலிருந்து என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள்.

சோப்புக் கம்பெனியில் வாசனை பார்ப்பது என் வேலையாக இருந்தது. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. கம்பெனி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பாட்டு: தனியாக இருக்காதே, வீட்டைக் காலி பண்ணிவிட்டு என்னோடு வந்துவிடு. கேஸ் கசிந்தால் தெரியுமா, பால் தீய்ந்தால் தெரியுமா? அலறுகிற கருவி வாங்கி அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன் என்றால், கருவிக்கும் காய்ச்சல் வந்தால் என்கிறாள். இவளோடு பேசி யார் ஜெயிப்பது?

வனத்துறையில் கிடைத்த தற்காலிக வேலையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காட்டில் தேன்கொடி இரண்டு வகை. ஒன்று இந்த மண்ணிலேயே பிறந்தது. மற்றது யாரோ அழகுக்காகத் தோட்டத்தில் வைத்து, வேலி தாண்டி வந்து, இப்போது மரங்களை நெரிக்கிறது. வந்ததை வெட்ட வேண்டும், நம்முடையதை விட்டுவைக்க வேண்டும். "மோந்து பாக்கத் தெரியாதவளுக்குப் பூ பாக்குற வேலையா?" என்று சிரித்தவள், நான் தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கவே காலையில் கூட வந்தாள். தடுமாறினால் சாயங்காலமே என்னைப் பெட்டி கட்ட வைத்துவிடுவாள்.

"உன் மூக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன். "இதுக்கு வாசமே கிடையாதுக்கா. இலையப் பாரு."

கொடியின் நுனியைத் தாழ்த்திக் காட்டினேன். பூங்கொத்துக்குக் கீழே எதிரெதிர் இலைகள் இரண்டும் ஒட்டி ஒரே தட்டாகியிருந்தன. தண்டு அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு மேலே போயிருந்தது. அதற்கு மேல் நீளக் குழல்களாய்ச் சிவப்புப் பூக்கள். தேன் குடிக்க வரும் பறவைக்கு நிறம் தெரிந்தால் போதும். அக்கா இலைத்தட்டை விரலால் தடவினாள். மூக்கு பிழைத்த நிம்மதியில் என்மேல் கோபம்கூட வரவில்லை.

அந்தக் கொடி படர்ந்த மரத்தின் மறுபக்கம் போனதும் நின்றுவிட்டாள். வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூத்துத் தொங்கியது மற்றது. இலைகள் தனித்தனியாக, இளந்தண்டில் மெல்லிய ரோமம்.

"அம்மாடி, இதுல்ல பூ," என்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

அந்த வாசனையை ஒரு சோப்புக்கே தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். இப்போது அது எதிரில் நிற்கிறது, எனக்கு வெறும் காற்று.

"இவ்வளவு மணக்குறதைப் போய் வெட்டுவியா? பாவம்டி."

"வெட்டுவேன்."

"சரி, வெட்டிட்டுக் கிளம்பு. ராத்திரி வண்டிக்கு ரெண்டு பேருக்கும் சீட்டு போட்டிருக்கேன்."

"ஒரு சீட்டு போதும்க்கா. நான் வரல."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கேட்காத மாதிரி ஒரு கொத்தை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் மண்டியிட்டுச் சருகை விலக்கினேன். தரையோடு ஒட்டிய அடித்தண்டு கைக்குத் தட்டுப்பட்டது. அரிவாளை ஓங்கிப் போட்டேன். கொடி மொத்தமும் ஒரு குலுங்கு குலுங்கி, அக்காவின் தலையிலும் முகத்திலும் பூவாகக் கொட்டியது.