கண்காட்சிக்குப் போன பாய்

ஃபாஞ்சாவின் அம்மா ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து தீவின் தலைநகர் அன்டனனரிவோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பையில் கைக்குட்டை அளவுக்குப் புதுப் பட்டுத்துணி. உட்காரக்கூட இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தோக்கி கனவுல வந்தான்டி. குளிருதும்மாங்கிறான்."

தோக்கி ஃபாஞ்சாவின் அண்ணன். அவள் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போனவன். பல் முளைக்காத சிசுக்களைக் குடும்பக் கல்லறையில் வைக்கமாட்டார்கள்; பல் முளைத்த பிள்ளை என்பதால்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. செத்தவர்கள் கனவில் வந்து குளிருகிறது என்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் கல்லறையைத் திறந்து புதுப் பட்டு சுற்றுவார்கள். அதையும் போன வருஷமே செய்தாயிற்று. அப்பாவையும் தோக்கியையும் வெளியே எடுத்து, ட்ரம்பெட் ஊதத் தோளில் தூக்கி ஆடி, "இனி அப்பன் மடியிலயே கெடக்கட்டும்" என்று இருவரையும் ஒரே பட்டில் சுற்றச் சொன்னவளே அம்மாதான்.

"அப்புறம் எப்படிம்மா குளிரும்?"

"லீவாவைப் புடிச்சு உலுக்கினேன். எல்லாத்தையும் கக்கிட்டான் படுபாவி."

லீவா சித்தப்பா மகன். சுற்றும் வேலை அவனுடையது. அன்று காலையிலிருந்தே சாராயத்தில் மிதந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் பிள்ளை ஒரு கைப்பிடிப் பொடியாகியிருந்தது. அதை அப்பாவுக்குப் பக்கத்தில் பாயில் கொட்டினார்கள். லீவா அப்பாவை மட்டும் தூக்கிச் சுற்றிவிட்டான். மறுநாள் போதை தெளிந்ததும் அவனுக்கே புரிந்திருக்கிறது. பயந்து வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பாயைக் கொண்டுவந்தவள் ஃபாஞ்சாதான். முன்னோர் கிடந்த பாயில் ஒரு துண்டு கிடைத்தால் வயிறு திறக்கும் என்று பெண்கள் அடித்துப் பிடித்துக் கிழிப்பார்கள். அவள் முழுப் பாயையும் சுருட்டி அக்குளில் இடுக்கியபோது அத்தைகள் சும்மா விடவில்லை.

"ஏன்டி, ரக்பி டீமே பெத்துப் போடப் போறியா?"

அவள் பெற்றதென்னவோ ஒரு கலைப்படைப்பு. கிழிசல்களில் சிவப்பு நூல் ஓட்டி, 'அப்பாவின் படுக்கை' என்று பெயர் வைத்தாள். இழைகளுக்குள் படிந்திருந்த புழுதியை உதறாமல் விட்டதில் அவளுக்குப் பெருமை வேறு. தீவின் ஓவியர்கள், சிற்பிகள் சிலருடைய படைப்புகளோடு அது ஐரோப்பாவுக்குப் போனது. முதல் ஊரில் அந்தப் புழுதியைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். இப்போது ஜெர்மனியில் ஓர் ஊரில் தொங்குகிறது.

கண்காட்சியை ஏற்பாடு செய்த பத்ரீஸுக்கு போன் போட்டாள்.

"ஒப்பந்தம் இருக்கு தாயே. பாதியில கழட்டினா என் தலையை எடுத்துருவாங்க."

"அண்ணே, உள்ள எங்க அண்ணன் இருக்கான்."

அவரும் அந்தத் தீவில் பிறந்தவர்தானே. குரலை இறக்கி, "நம்பர் அனுப்புறேன். நீயே பேசும்மா" என்றார்.

அந்த ஊர்க் கூடத்தில் படைப்புகளைப் பராமரிக்கும் ஸில்கே என்ற பெண் வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் பாய். அம்மா போனைப் பிடுங்காத குறையாக முகத்தை ஒட்டிக்கொண்டு, திரையில் பாயைத் தடவினாள். ஃபாஞ்சா ஆங்கிலத்தில், பாயைத் தொட வேண்டாம், அதிலிருக்கும் புழுதி தனக்கு வேண்டும் என்றாள்.

"அந்தக் கவலையே வேணாங்க" என்று சிரித்தாள் ஸில்கே. "வந்தப்ப ஒரே அழுக்கு. பூச்சி இருக்குமோன்னு பயந்து நானே உக்காந்து இழை இழையா மெஷின் வெச்சு உறிஞ்சி எடுத்தேன். இப்ப ஒரு பொட்டுத் தூசி கிடையாது."

"எடுத்த தூசி?"

"குப்பையிலதான். அது ஆச்சு, மாசக்கணக்கா."

ஃபாஞ்சாவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"என்னடி சொல்றா?" அம்மா தோளை உலுக்கினாள்.

"பாயை... பத்திரமா வெச்சிருக்காங்களாம்."

"தொட்டாங்களா?"

"அந்தப் பொண்ணேதாம்மா. வேற யாரும் தொடலையாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் போனை ஏந்தி, அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள்.

"பெத்தவ மாதிரி பாத்துக்கிட்டிருக்கா. நன்றி சொல்லுடி."

ஃபாஞ்சா போனை அணைக்கக் கை நீட்டினாள்.

"சொல்லுடின்னா!"

சொன்னாள். அங்கே ஸில்கே நெஞ்சில் கை வைத்து, இதெல்லாம் ஒரு சிரமமா என்றாள்.