படத்துக்குப் போட்ட மாலை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிராணி நாகரத்தினத்துக்கு மாலையைக் கண்டால் போதும், கழுத்து தானாகக் குனிந்துவிடும். கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, பந்தாட்டமோ, மேடையில் முதல் நாற்காலி அவருக்குத்தான். ஆபீசில் கணக்குப் பார்க்கிற வேலை போக, கோயில் கமிட்டிக்குத் தலைவர், கட்சிக் கிளைக்கும் தலைவர். தலைவருக்கு மூளையும் இருக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், சிலோனில் தமிழர்களை வெட்டுகிறார்கள், கொளுத்துகிறார்கள் என்று ரேடியோவில் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களையும் விட்டுவைக்கவில்லையாம். கேட்டதும் பக்கத்து வீட்டு வடிவம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய தங்கை பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தியை அப்பன் மலாயாவுக்குக் கட்டிக்கொடுத்தான், மற்றவளைக் கண்டிச் சீமைக்கு. நடுவில் கடல்தான் இருந்ததே தவிர, இரண்டு பேரும் ஆயுசெல்லாம் கிள்ளியது அதே கொழுந்துதான். இப்போது தங்கை எந்த முகாமில் கிடக்கிறாள், பிள்ளைகள் என்ன ஆனார்கள், ஒரு தகவலும் இல்லை.

நாகரத்தினத்துக்கு உடனே உலக சமாதானம் ஞாபகம் வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, நம் தமிழர்தான், எங்கள் மலையில் இருக்கிற தானா ராத்தா ஊருக்குக் குடும்பத்தோடு குளிர் அனுபவிக்க வந்திருந்தார். அவரைத் தோட்டத்துக்கு அழைத்துக் கூட்டம் போடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் சிலோனில் இருக்கிற நம் தூதரகத்து ஆட்கள் முகாம் முகாமாகத் தேடுவார்கள் என்றார் நாகரத்தினம். வடிவம்மாளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

“தங்கச்சி படம் இருந்தா குடு வடிவு. ஐயாகிட்ட காட்டணும் லா. மூஞ்சி தெரிஞ்சாத்தானே தேடுவாங்க.”

இருந்தது ஒரே ஒரு படம். அதைக் கைக்குட்டையில் சுற்றி, சாமிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அதற்கப்புறம் கமிட்டி மூன்று தடவை கூடியது. தங்கையைப் பற்றிப் பேச அல்ல. அதிகாரிக்கு முதல் மாலை போடுவது மேல்லயத்து ஆளா, கீழ்லயத்து ஆளா என்று பேச. ஒரு தடவை சட்டையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போய்விட்டது. சிலோன் சண்டையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எழுதக் கூடியவர்களின் லட்சணம் அது.

கூட்டத்தன்று பெண்கள் எங்களைக் கொழுந்துக் காட்டிலிருந்து கூடையோடே வரச் சொன்னார்கள். கூட்டம் நிறைந்து தெரியவேண்டுமாம். சகதிக் காலோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். மேடையில் வடிவம்மாள் கொடுத்த படம். சட்டம் போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, பிரிஞ்சாங் டவுனில் வாங்கிய பெரிய செவ்வந்தி மாலை சாத்தி, முன்னால் குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினால் என்ன அர்த்தம் என்று நம்மில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வடிவம்மாள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “செல்லம், எனக்குத் தெரியாம தகவல் ஏதும் வந்துருச்சா?” என்றாள்.

ஒரு தகவலும் வரவில்லை. சும்மா படம் வைத்தால் எடுப்பாக இல்லை என்று நாகரத்தினம்தான் மாலை வாங்கி வரச் சொன்னாராம். அலங்காரம் செய்தவனே என்னிடம் சொன்னான், வெட்கமில்லாமல்.

நாகரத்தினம் அரைமணி நேரம் முழங்கினார். “இந்தத் தோட்டத்தின் ரத்தம் அங்கே சிந்தியிருக்கிறது!” என்றார். கைதட்டல். அந்த ருசியில் இன்னும் ஒரு படி ஏறி, “மறைந்த அந்தச் சகோதரிக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்” என்றார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்கும், உட்காரச் சொன்னால் உட்காரும், நம் சனம்.

வடிவம்மாள் முன்னால் ஓடினாள். கமிட்டி ஆள் ஒருவன் மறித்தான். “துக்கக்காரி நீ. ஐயா முன்னாடி போகக்கூடாது. தீட்டு.”

“செத்தான்னு எவன்டா சொன்னான்?” என்று அவள் கத்தினாள். அதற்குள் மேளத்தை முழக்கிவிட்டார்கள். அதிகாரி படத்தைக் கும்பிட்டார். போன உயிரை யாரும் திருப்பித் தர முடியாது, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறோம் என்றார். வடை தின்று, பொன்னாடை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். செத்தவளை எதற்கு முகாமில் தேடுவது?

கொட்டகைக்கு வருகிற பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். தோட்டத்து லோரி ஓட்டுகிற மாடசாமி கொழுந்து ஏற்ற எதிரே வந்துகொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் அங்கேயே எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாகரத்தினம் ஓடிவந்து குதித்தார்.

“லோரி பின்னால போகாது கிராணியாரே. இது கொழுந்துப் பாதை லா,” என்றான் மாடசாமி. பின்னால் நாங்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். கார் எந்தப் பக்கமும் நகரமுடியாது.

வடிவம்மாள் மேடை ஏறி, மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து, படத்தோடு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“இவ சாகல ஐயா. சாகலன்னுதான் படத்தையே குடுத்தேன். தேடச் சொல்லுங்க.”

அதிகாரி நாகரத்தினத்தைப் பார்த்தார். “இறந்துட்டாங்கன்னு சொன்னீங்க?”

“அது வந்துங்க... ஒரு மரியாதைக்கு...”

“படத்துல இருக்கிற இந்த அம்மா பேர் என்ன?”

நாகரத்தினம் வாயைத் திறந்தார். மூடினார். கமிட்டி ஆட்கள் பக்கம் திரும்பினார். அரைமணி நேரம் அவளுக்காக அழுத மனுஷனுக்கு அவள் பெயர் தெரியாது.

“பவளம்,” என்றாள் வடிவம்மாள். “மூணு புள்ளைங்க.” தோட்டத்தின் பெயரையும் சொன்னாள். அதிகாரி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, படத்தை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். இருந்த ஒரே படத்தையும் கொடுத்தாள். மாடசாமி லோரியை ஓரமாக ஒதுக்கி வழிவிட்டான்.

பெரிய மனுஷன் வாக்கை நம்புகிறவள் இல்லை நான். தேடுவாரோ, மேசை டிராயரில் போட்டு மூடுவாரோ. ஆனால் செத்தவளைக் கும்பிட்டவர், உயிரோடு இருக்கிறவளின் பெயரைத் தெரிந்துகொண்டு போனார். அந்த மட்டில் வடிவம்மாள் ஜெயித்தாள்.

கார் மறைந்ததும் நாகரத்தினத்துக்குக் குரல் திரும்பி வந்தது. “பாத்தியா வடிவு, நம்ம கூட்டம் வீண் போகல லா!”

வடிவம்மாள் அவர் எதிரே வந்து நின்றாள். தோளில் கிடந்த மாலையை இரண்டு கையாலும் தூக்கினாள். மாலையைக் கண்ட கழுத்து தானாகக் குனிந்தது. போட்டுவிட்டாள்.

அது எந்த மாலை என்று அவருக்கு உறைத்து முகம் வெளுத்தபோது, நாங்கள் அத்தனை பெண்களும் கைகட்டி, தலைகுனிந்து, மௌனமாக நின்றுகொண்டிருந்தோம்.