மேசைக்கு அந்தப் பக்கம்

மனைவி இறந்த பிறகு எனக்குப் பேச்சு குறைந்துபோனது. நேர்முகத் தேர்வுகளில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பார்கள். பெயரையும் பட்டத்தையும் சொல்லி நிறுத்திவிடுவேன். அவர்கள் காத்திருப்பார்கள். நானும் காத்திருப்பேன்.

மகளுக்கு ஐந்து வயது. மாமனார் வீட்டில் இருந்தாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள்.

"பகல் வேலையா ஒண்ணு பாருங்க மாப்பிள்ளை. அன்னைக்கே பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி அவளைத் தனியா விட முடியாது பாருங்க," என்றிருந்தார். நியாயம்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் கிடங்குகளில் இரவு ஷிப்ட். அதனால்தான் ஒரு ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். வேலை தேடுகிறவர்களைப் பொருத்தமான இடங்களுக்கு அனுப்பிவைப்பது அவர்கள் தொழில்.

மாடியில் ஒரே அறை. சுவரோர நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. கண்ணாடித் தடுப்புக்குள் முதலாளியம்மா இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை விடாமலே உட்காரும்படி கை காட்டினார். காலியாக இருந்தது மேசைக்குப் பின்னாலிருந்த சுழல் நாற்காலி மட்டும்தான். உட்கார்ந்தேன்.

உடனே சுவரோரமிருந்து ஒருவர் தன் நாற்காலியை இழுத்துவந்து எதிரே அமர்ந்தார். பருத்த உடம்பு. புறங்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு.

"வணக்கம் சார். புதுசா வந்திருக்கீங்களா?"

"ஆமா," என்றேன். பொய் இல்லை.

"நான் சமையல்காரன் சார். மேடம் நாலு ஹோட்டலுக்கு அனுப்பினாங்க. எதுலயும் ஒரு வாரம் தாண்டல. என் ராசி அப்படி."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. அவர் மேசையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி என் மறுபக்கம் போட்டுக்கொண்டார்.

"இடது காது மந்தம் சார். ஹோட்டல் கிச்சன்ல ஒரே இரைச்சல். 'உப்பு வேணாம்'னு கத்துவாங்க. எனக்கு 'உப்பு வேணும்'னு விழும்."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"என்னைப் பேச விட்டாத்தானே!"

சுவரோரம் சிரிப்பு எழுந்தது.

எனக்குப் பின்னால் காலியிடப் பலகை தொங்கியது. மாணவர் விடுதி ஒன்றுக்குச் சமையல்காரர் தேவை. நான் விடுதிச் சாப்பாட்டில் பட்டம் வாங்கியவன். மறுநாள் என்ன சமையல் என்று முந்தின நாளே எழுதிப் போட்டுவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு நாங்கள்தான் கத்துவோம்.

"இங்கே போங்க," என்று பலகையைக் காட்டினேன். "கத்த மாட்டாங்க. எழுதிப் போடுவாங்க."

அதற்குள் முதலாளியம்மா வெளியே வந்துவிட்டார். "யாருங்க நீங்க? அந்த நாற்காலியில எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"வேலை கேட்டு வந்தேன். நீங்கதான் உட்காரச் சொன்னீங்க."

"அங்கேயா சொன்னேன்?"

சமையல்காரர் குறுக்கே புகுந்து விடுதி விஷயத்தைச் சொன்னார். காதையும் சொன்னார்.

"இத்தனை நாளா என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னேன் மேடம். நீங்க போன்ல இருந்தீங்க."

முதலாளியம்மா அங்கேயே நின்று விடுதிக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதையும் மறைக்கவில்லை. வைத்துவிட்டு, "இப்பவே வரச் சொல்றாங்க, கிளம்புங்க," என்று சமையல்காரரை அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆள் எடுக்கிற வேலையில முன் அனுபவம் இருக்கா?"

"இல்ல. எடுக்க மாட்டோம்னு சொன்ன இடங்களைத்தான் தெரியும்."

"ஏன் எடுக்கல?"

"பேச மாட்டேங்கிறேன்னு."

"பேசறதுக்கு இங்கே நான் ஒருத்தி போதும். கேக்கத்தான் ஆள் இல்ல. இருந்தவரும் போன மாசம் ஓடிட்டார். காலையில ஒன்பது, சாயங்காலம் அஞ்சு. சரியா?"

தலையாட்டினேன்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? சரின்னு சொல்லுங்க!"

"சரி," என்றேன்.

மாலையில் மாமனார் வீட்டுக்குப் போனேன்.

"வேலை கிடைச்சிருச்சு மாமா. பகல் வேலை."

"என்ன வேலை?"

"வேலை வாங்கித் தர்ற வேலை."

"அடி சக்கை! நேத்து வரைக்கும் டிக்கெட்டுக்கு அலைஞ்சவர், இன்னைக்குக் கண்டக்டரா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அலமாரியைத் திறந்து மகளின் உடைகளை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"மூணு மணிக்கே ஸ்கூல் விட்டுடும்," என்றார் சட்டையைப் பார்த்தபடி. "நீங்க வர்ற வரைக்கும் யாரு பாத்துப்பா?"

"அதுக்கு ஒரு ஆள் வேணும் மாமா. வீட்டோட தங்கிக்கணும்."

நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது. "முன் அனுபவம் கேப்பீங்களோ?"

"தேவையில்ல."

"எனக்கு இருக்கு மாப்பிள்ளை. ஒத்தை ஆளா ஒரு பொண்ணை வளர்த்திருக்கேன்."

மகள் தன் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துக் காலி செய்து, தாத்தாவின் வேட்டியை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தாள். "கொள்ள மாட்டேங்குதுப்பா. பெரிய பை எங்கே?"

பெரிய பை பரண்மேல் இருந்தது. எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன்.