காலி சீட்டுக்கு மானியம்

ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த பஸ்ஸின் கண்டக்டரை எல்லோரும் ‘கேள்வி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் கிழிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஏன், எதற்கு என்று யாரையாவது துளைத்துக்கொண்டே இருப்பாள். டிரைவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். அவர் வண்டி ஓட்டுகிற வேகத்துக்கு அது மரியாதையான பெயர்தான், கண்ணுகளா.

காலை நடையில் நாலைந்து பேர் ஏறினால் அதிகம். அதில் தவறாமல் வருகிறவள் கேள்வியின் நாத்தனார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளுத்து வெளியே வரும். புருஷன் இல்லாத வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அங்கே போக வேறு பஸ் கிடையாது.

ஒருநாள் பணிமனை மேனேஜர் சொன்னார். “உங்க ரூட்டுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்குது. அதைத் தொடரலாமான்னு பார்க்க வியாழக்கிழமை ஒரு அதிகாரி வர்றார். மானியம் நின்னா வண்டியும் நின்னுடும்.”

கேள்வி திகைத்துப் போனாள். இத்தனை வருஷமும் தான் கிழிக்கிற டிக்கெட்டில்தான் வண்டி ஓடுகிறது என்று நினைத்திருந்தாள்.

“காலி சீட்டுக்கு எதுக்குண்ணே அரசாங்கம் காசு கொடுக்குது?” என்று நிதானத்தைக் கேட்டாள்.

“நான் முன்னாடி பார்த்து ஓட்டுறவன். சீட்டெல்லாம் பின்னாடி இருக்கு. அது உன் டிபார்ட்மென்ட்.”

அவள் விடவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். “விலையில பாதியை அரசாங்கம் தன் தோள்ல ஏத்திக்குதும்மா. உங்க மாமியார் வாங்குற சர்க்கரை மாத்திரை அப்படித்தான் அந்த விலைக்குக் கிடைக்குது” என்றார் அவர்.

“யாரும் வாங்காத மாத்திரைக்கும் கொடுப்பாங்களா?”

கடைக்காரர் வாசலைப் பார்த்தார். “அடுத்தவங்க காத்திருக்காங்க பாருங்க.”

தையல்காரர் அப்படி நழுவுகிற ஆள் இல்லை. கரண்டில் ஓடும் தையல் மெஷினை மானியத்தில் வாங்கியவர். “அதுல என்ன குழப்பம்? மானியம்னா பரிசு. நல்லாத் தொழில் பண்றவனாப் பார்த்துக் கொடுப்பாங்க. என் தையலைப் பார்த்துட்டுத்தானே எனக்குக் கொடுத்தாங்க?”

கேள்விக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியானால் தங்கள் வண்டியும் நல்லாத் தொழில் பண்ணுகிற வண்டியாகத் தெரிய வேண்டும். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்படி தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்தாள். நாத்தனாரிடம் மட்டும் சொல்லவில்லை. அவள்தான் தினமும் வருகிறவளாயிற்றே.

வியாழக்கிழமை காலையில் பஸ் நிறைமாதக் கர்ப்பிணி போலப் புறப்பட்டது. தையல்காரர் கல்யாணச் சட்டையில் வந்திருந்தார். அதிகாரி, டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில், மடியில் பையோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கேள்வி நடுவில் மாட்டிக்கொண்டு கை மட்டும் வெளியே தெரிய டிக்கெட் கொடுத்தாள். உள்ளுக்குள் ஒரே பெருமை.

நாத்தனாரின் நிறுத்தம் வந்தது. படிக்கட்டில் தொங்கியவர்கள், “இடமில்ல, நீ போண்ணே” என்று சத்தம் போட்டார்கள். நிதானம் தயங்கித் தயங்கி வண்டியை நகர்த்தினார். சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பிடித்தபடி நாத்தனார் ஓடிவருவது கண்ணாடி வழியே தெரிந்தது.

அப்போதுதான் அதிகாரி பேசினார். “நல்ல கூட்டம் டிரைவர். இந்த ரூட் தன் காலிலேயே நின்னுடும் போலிருக்கே. இதுக்கு எதுக்கு மானியம்?”

அது கேள்வியின் காதில் விழுந்தது. விசிலை எடுத்து ஊதினாள். வண்டி நின்றது.

“நான் சொல்லி வந்தவங்க எல்லாரும் இறங்குங்க.”

“ஏத்துனவளும் நீ, இறக்குறவளும் நீயா?” என்றார் தையல்காரர். “திரும்பி நடந்தா போறது?”

“நடங்க. சட்டையை நாலு பேர் பார்க்கட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மூச்சிரைக்க ஏறினாள் நாத்தனார். “என் அண்ணன் பொண்டாட்டி வண்டியில எனக்கே இடமில்ல. வாழ்க.”

கேள்வி அதிகாரியின் எதிரில் போய் நின்றாள். “தினமும் இவ்வளவுதான் சார் கூட்டம். மத்தவங்களை உங்களுக்குக் காட்டத்தான் ஏத்தினேன். தப்புத்தான். ஆனா காலி சீட்டுக்கு ஏன் காசு கொடுக்கிறீங்கன்னு யாரும் எனக்கு ஒழுங்காச் சொல்லல.”

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினார். “வண்டியோட முழுச் செலவையும் உங்ககிட்டயே டிக்கெட்டா வாங்கினா வருவீங்களா?”

“வேலையை விட்டுட்டு வீட்ல உட்காருவேன்.”

“நீங்க போகாட்டி அங்க என்ன ஆகும்?”

“அழுக்குத் துணி குவியும். பச்சை அங்கி வெளுக்கலைன்னா டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைப்பார். போன மழைக்குப் பாலம் உடைஞ்சு நான் போகலியே, அன்னிக்கு அப்படித்தான் ஆச்சு.”

கேள்வி காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ சார், இந்த வண்டியில ஏறாம, அங்க கட்டில்ல படுத்திருக்காங்களே, அவங்களுக்கும் சேர்த்தா நீங்க கொடுக்கிறீங்க?”

“எனக்கே அதைப் பார்க்கணும்னு தோணுது” என்றார் அவர். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நாத்தனாரின் பின்னாலேயே சலவைக்கூடத்துக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. நிதானம், பெயருக்கு ஏற்றபடி காத்திருந்தார். திரும்பி வந்தவரின் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

மானியம் தொடர்ந்தது. செய்தி வந்த அன்று காலையில் வழக்கமான கூட்டந்தான். கால் வலி என்று தையல்காரரும் ஆஸ்பத்திரிக்கு ஏறியிருந்தார், இந்த முறை நிஜமாகவே.

“எல்லாம் சரிண்ணே” என்றாள் கேள்வி. “மானியம் பரிசு இல்லைன்னா, உங்களுக்கு எதுக்கு மெஷின் கொடுத்தாங்க?”

“ஏன், நான் நல்லாத் தைக்கலையா?”

நாத்தனார், அவர் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் தோள்பட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.